பூ கேட்ட சித்திரை

என்னோடு பள்ளிக்கூடம் போனவர்களில் இன்னும் நடமாடிக்கொண்டிருக்கும் சிலருக்காக இதை எழுதுகிறேன். நாம் நான்காம் வகுப்பு முடித்த கோடை உங்களுக்கும் நினைவிருக்கலாம். வகுப்பறைக்கு ஓடு மாற்ற வேண்டும் என்று ஒரு வாரம் முன்னதாகவே விடுமுறை விட்டார்கள். தேதி விஷயத்தில் நான் எவ்வளவு கறார் என்று உங்களுக்குத் தெரியும். முதல் மழை பெய்த நாள், கிணறு வற்றிய நாள், யார் வீட்டுக் குழந்தைக்கு என்றைக்குப் பெயர் வைத்தார்கள் என்பது வரை நோட்டுப் போட்டு எழுதி வருகிறவள். அந்தக் கோடையைப் பற்றி நான் எழுதி வைத்திருந்த கிழமை தப்பு என்று போன வருடம்தான் தெரிந்தது. தப்பு கிழமையோடு நிற்கவில்லை.

எங்கள் வீடும் அப்பாவின் பனியன் கம்பெனியும் ஒரே காம்பவுண்டுக்குள் இருந்தன. கம்பெனி என்றால் இன்றைக்கு என் தம்பி நடத்துகிற மாதிரிக் கண்ணாடிக் கட்டடம் இல்லை. தகரக் கூரை போட்ட நீள ஷெட், ஆறு தையல் மிஷின், துணி வெட்ட ஒரு மேசை, அவ்வளவுதான். ஷெட்டுக்குப் பின்னால் வேலைக்காரர்களுக்கு ஐந்து லைன் வீடுகள். வீட்டுக்கு ஒரு கதவு, ஒரு ஜன்னல், வாசலில் ஒரு துவைகல். முதல் நான்கில் பக்கத்து ஊர்க்காரர்கள் இருந்தார்கள். ஐந்தாவதில் தெற்குச் சீமையிலிருந்து வந்த ஒரு டெய்லரின் குடும்பம். அவர்கள் வேதக்காரர்கள். உள்சுவரில் ஒரு மரச் சிலுவை தொங்கும்.

அந்த டெய்லரின் மகளுக்கு என் வயது. மற்ற லைன் வீட்டுப் பிள்ளைகள் என்னைக் கண்டால் விளையாட்டை நிறுத்திவிட்டு எழுந்து நிற்பார்கள். முதலாளி வீட்டுப் பெண்ணை எதற்கும் தொடக்கூடாது என்று அவர்களுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். இவளுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை, அல்லது சொல்லியும் இவள் கேட்கவில்லை. எனக்கென்று இருந்த ஒரே கூட்டாளி.

எங்கள் விளையாட்டு ஷெட்டின் கோடியில், வெட்டிய துணியின் மிச்சங்கள் குவிந்து கிடக்கும் இடத்தில். வேஸ்ட் மூலை என்போம். சலவைக்குப் போய் வந்த துணியில் ஒரு காரமான மணம் இருக்கும்; அதோடு மிஷின் எண்ணெய் வாசமும் சேர்ந்துகொள்ளும். பஞ்சுத் தூசி எங்கள் புருவத்தில் ஒட்டி, பார்ப்பதற்குக் கிழவிகள் போலிருப்போம். ஒருத்தி கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். மற்றவள் ஒரு துண்டை எடுத்துக் கையில் கொடுப்பாள். என்ன துணி என்று விரலால் சொல்ல வேண்டும்.

"ஏட்டி, கண்ணத் தொறக்கப்படாது. தொறந்தா அவுட்டு."

"தொறக்கல."

"இது என்னது?"

"ரிப்பு."

"எங்க வைக்கது? கழுத்துக்கா, கைக்கா?"

"கழுத்துக்கு."

"மொதலாளி மவளுக்கு இதுகூடத் தெரியலன்னா வெளங்குமா," என்பாள். ஆனால் அவள்தான் கெட்டிக்காரி. நான் பத்துக்கு ஏழு சொன்னால் அவள் ஒன்பது சொல்வாள். கழுத்துப் பட்டிக்கு வைக்கும் ரிப் துணியில் வரப்பு வரப்பாக விரல் தட்டும். உடம்புக்கு வைக்கும் பைன் துணி வழவழவென்று நழுவும். கண்ணே வேண்டாம். வெட்டு மேசையிலிருந்து அப்பா சில நேரம் எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒன்றும் சொல்ல மாட்டார்.

பங்குனிக் கடைசியில் லைன் வீடுகளில் அம்மை வந்தது. வரிசையை எழுதி வைத்திருக்கிறேன். முதலில் இரண்டாவது வீட்டுக் கைக்குழந்தை. ஐந்து நாள் கழித்து மூன்றாவது வீட்டுக்காரர். அதற்கும் பின்னால்தான் என் கூட்டாளி. இப்போது அதைச் சின்னம்மை என்று எழுதுகிறேன். அன்றைக்கு ஆத்தா வந்திருக்கிறாள் என்பதற்கு மேல் பேச்சில்லை. சித்திரையில் மாரியம்மன் நோம்பி சாட்டி, திருவிழாவை ஊருக்கு அறிவிக்க வேண்டிய நேரம். நோம்பிக்கு முன்னால் ஆத்தா ஏன் கோபித்துக்கொண்டாள் என்று ஊர் யோசித்தது. யோசித்து முடித்தபோது ஐந்தாவது வீட்டுக்கு வந்து நின்றது.

பெரியப்பா எங்கள் வீட்டு நடையில் நின்று சொன்னது காதில் இருக்கிறது.

"வேதக்காரன ஊட்டுக்குள்ளயே வெச்சுக்கிட்டு நோம்பி சாட்டறதா? ஆத்தா சும்மா உடுவாளா?"

"அந்தம்மாளும் கதவுல வேப்பந்தழ கட்டித்தானுங்கண்ணா இருக்குது," என்றார் அப்பா.

"கட்டுனாச் செரியா? கும்பிடறது ஆரயாம்? நேத்துக் கருவாடு வறுத்த வாசம் எங்க ஊடு வரைக்கும் வந்துது. அம்ம இருக்கற எடத்துல வறுக்கலாமா?"

வறுத்தது நான்காவது வீட்டில். எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஒரு துண்டு தின்றிருந்தேன். அம்மை இருக்கும் லைனுக்குப் போகக் கூடாது என்று எனக்குத் தடை. வாயைத் திறந்தால் முதுகில் விழும். திறக்கவில்லை.

அப்பா தரையைப் பார்த்தபடியே, "பூக் கேட்டரலாமுங்கண்ணா. வெள்ளை வந்தா இருக்கட்டும். செவப்பு வந்தா நானே போய்ச் சொல்லிப்போடறேன்," என்றார். பெரியப்பா தலையாட்டினார். பூவுக்கு மேல் யாரும் பேச முடியாது.

பூ கேட்பது உங்களில் பலருக்குத் தெரிந்ததுதான். வெளியூர் போய்விட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். ஒரு பொட்டலத்தில் வெள்ளை அரளி, ஒன்றில் சிவப்பு அரளி. இரண்டையும் தட்டில் வைத்து ஆத்தா முன்னால் பூசை செய்து, ஒரு சின்னக் குழந்தையைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தால் இல்லை. எங்கள் தோட்டத்து மூலைக் கோயிலில் பொட்டலம் கட்டுவது வீட்டுப் பெண்ணின் வேலை. யாரும் பார்க்காமல் கோயிலுக்குப் பின்னால் போய்க் கட்டிக்கொண்டு வர வேண்டும். வழக்கமாக வாழையிலையில் கட்டுவார்கள். அந்த வருட வெயிலில் வாழை கருகிக் கிடந்தது. அப்பா ஷெட்டுக்குள் போய் வெள்ளைத் துணியில் இரண்டு துண்டு எடுத்து வந்து அம்மாவிடம் கொடுத்தார். எங்கள் வீட்டில் ஊறுகாய் ஜாடிக்கு வாய் கட்டுவதிலிருந்து மூக்குச் சளி துடைப்பது வரை எல்லாவற்றுக்கும் பனியன் துணிதான். அதனால் அது யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை.

என்னைத் தலைக்குக் குளிப்பாட்டி நிறுத்தினார்கள். பூசை செய்கிற பண்டாரம், அப்பா, பெரியப்பா, இன்னும் நாலைந்து ஆண்கள். அம்மா ஏழு மாதக் கர்ப்பம். பொட்டலங்களைத் தட்டில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டாள். பண்டாரம் தட்டை ஒரு சுற்றுச் சுற்றி என் முன்னால் நீட்டினார்.

"நல்லாக் கும்பிட்டுக்கிட்டு ஒண்ணெடு கண்ணு. அவசரமில்ல."

கண்ணை மூடிக்கொண்டு கையை வைத்தேன். ஒன்று பைன். ஒன்று ரிப்.

இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஆத்தா எடுத்துக் கொடுப்பாள் என்று நம்பித்தான் கையை நீட்டினேன். ஆனால் விரலுக்குத் தெரிந்துவிட்டதைத் தெரியாததாக்க முடியுமா? அவள் போகக் கூடாது. வெள்ளை வேண்டும். ஒன்பது வயது மூளை வேகமாக ஓடியது. நல்ல பனியனுக்கு வழவழப்பான நல்ல துணி, நல்ல பூவுக்கும் நல்ல துணிதானே? பெரியவர்கள் நல்லதை நல்லதில்தானே கட்டுவார்கள்? பைன் துணியை எடுத்துப் பண்டாரத்திடம் கொடுத்தேன்.

பிரித்தார். சிவப்பு.

"ஆத்தா உத்தரவு குடுத்துட்டா," என்றார் பெரியப்பா. மற்றப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்கும் வழக்கம் கிடையாது. பண்டாரம் அதை அப்படியே கிணற்றில் போட்டார்.

இரண்டாம் நாள் அவர்கள் போனார்கள். நான் பார்க்கவில்லை. என்னைப் பின்கட்டில் உட்கார வைத்து உளுந்து பொறுக்கச் சொல்லியிருந்தார்கள். வண்டி மாட்டின் சலங்கை மட்டும் கேட்டது. அதற்கப்புறம் முதல் வீட்டில் அம்மை வந்தது, நான்காவது வீட்டில் வந்தது, கடைசியில் எனக்கும் வந்தது. ஆத்தா ஏன் இன்னும் கோபமாயிருக்கிறாள் என்று இப்போது யாரும் கேட்கவில்லை. நோம்பி நடந்தது. எனக்குத் தண்ணீர் ஊற்றி முடித்தபின் வேஸ்ட் மூலைக்குப் போய்க் கண்ணை மூடிக்கொண்டு ஒரு துண்டை எடுத்தேன். ரிப்பு என்று சொன்னேன். சரியா தப்பா என்று சொல்ல ஆளில்லை. கண்ணைத் திறந்து நானே பார்த்துக்கொள்வது விளையாட்டாக இல்லை. அன்றோடு விட்டுவிட்டேன்.

இனி நான் நம்பியவற்றைச் சொல்ல வேண்டும்.

பதினைந்து வயது வரை, ஆத்தாவின் தட்டில் விரலால் கள்ளம் பண்ணியதற்காக அவள் என்னைத் தண்டித்தாள் என்று நம்பினேன். வெள்ளையைத்தான் கொடுக்க நினைத்திருப்பாள். நான் குறுக்கே புகுந்து கெடுத்தேன். கல்லூரிக்குப் போனேன், கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். ஆத்தாவும் இல்லை, உத்தரவும் இல்லை என்று ஆனது. அப்போது பெரிய நிம்மதியாக இருந்தது. ஆனால் சாமி எழுந்துபோன இடத்தை நான் காலியாக விடவில்லை. அங்கே அப்பாவை உட்கார வைத்தேன். துணியை எடுத்து வந்தவர் அவர். எங்கள் விளையாட்டைப் பார்த்தவர் அவர். நான் எதைத் தொடுவேன் என்று தெரிந்த ஒரே ஆள். அண்ணனையும் பகைக்காமல், தன் வாயாலும் போகச் சொல்லாமல், பெற்ற மகளின் விரலை வைத்துக் காரியத்தை முடித்துக்கொண்டார். அம்மாவிடம் சொல்லிச் சிவப்பைப் பைன் துணியில் கட்ட வைத்திருப்பார்; அம்மா மறுபேச்சுப் பேச முடியாதவள். சொத்து உள்ளவர்கள் எப்படிப்பட்டவர்கள், மதம் யாருக்குப் பயன்படுகிறது என்று நான் படித்த ஒவ்வொரு புத்தகமும் இந்தத் தீர்ப்புக்குக் கையெழுத்துப் போட்டது. அவரிடம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டால் மறுப்பார் என்று தெரியும் என்று நினைத்தேன். அவரோடு தேவைக்குப் பேசினேன். அவர் ஏன் என்று கேட்டதில்லை. அவர் இறந்த அன்று என் நோட்டில் நேரம் மட்டும் இருக்கிறது: காலை ஆறு இருபது. அதற்குக் கீழே ஒரு வரியும் இல்லை.

அம்மாவை மட்டும் நம்பினேன். மனிதர்கள் அடிப்படையில் நல்லவர்கள், பயமும் பணமும் தொடாதவரை, என்று நான் யாரிடம் வாதாடினாலும் மனதில் இருந்தது அம்மாவின் முகம்.

என் கணவர் இறந்து, பிள்ளைகள் வெளிநாடு போனபின் நானும் அம்மாவும்தான். அம்மாவுக்கு எண்பத்தாறு. பார்வை போய்விட்டது. மத்தியானம் சாப்பிட்டபின் என் நோட்டுகளைப் படித்துக் காட்டுவேன். தப்பிருந்தால் திருத்துவாள். அப்படி ஒரு நாள் அந்தக் கோடைக்கு வந்தேன். சித்திரை மூன்றாம் செவ்வாய் பூக் கேட்டது, என்று படித்தேன்.

"செவ்வாயில்ல கண்ணு. வெள்ளி."

"செவ்வாய்னுதாம்மா எழுதியிருக்கறேன்."

"நீ எழுதிப்போட்டா ஆச்சா? வெள்ளிக்கெழமதான் நான் எண்ண வெச்சுக் குளிப்பேன். ஈரத் தலையோட போய்ப் பொட்டலங் கட்டுனேன். தண்ணி சொட்டி ரெண்டு செவப்பும் நனஞ்சு போச்சு."

"ஒண்ணு வெள்ளையம்மா."

"அது அவிய நெனச்சுக்கிட்டது. நான் ரெண்டுலயும் செவப்புத்தான் வெச்சேன்."

கையிலிருந்த வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"ஏம்மா?"

"ஏனுன்னு கேக்கற. வவுத்துல உன்ற தம்பி ஏழு மாசம். அதுக்கு முன்ன ரெண்டு தங்காமப் போயிருச்சு. லைன்ல ஊடு ஊடா அம்ம வருது. அவிய போனாத் தீந்துரும்னு எல்லாருஞ் சொன்னாங்க. நானும் நம்புனேன். வேற என்ன பண்ணட்டும்?"

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"அவருக்கெங்க தெரியும். வெள்ள வரோணும்னு வேண்டிக்கிட்டுத்தான் வந்தாரு, பாவம். அந்த ரெண்டு நாளும் சோறு உங்கல."

"ஆத்தாளுக்குப் பயப்படலயா நீ?"

"பயந்தேன். அதான் கண்ண எடுத்துக்கிட்டாளே. செரியாப் போச்சு. ஏனு, இத்தன படிச்ச, இது ஒண்ணு உனக்குத் தெரியாமப் போச்சா?"

சர்க்கரையால் போன கண் என்று டாக்டர் சொன்னதை அவளுக்குப் பல தடவை விளக்கியிருக்கிறேன். அன்றைக்கு விளக்கவில்லை. எந்தப் பொட்டலத்தை எடுத்திருந்தாலும் ஒன்றுதான். என் விரல் குற்றவாளி இல்லை என்று தெரிந்த நாளில் நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அப்பாவின் படத்துக்கு முன்னால் போய் நிற்கக் கூச்சமாக இருந்தது.

அதன்பிறகு என் பழைய கூட்டாளியைத் தேடினேன். எங்கள் வீட்டில் செய்ததை ஒருவராவது அவளிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. தெற்கிலிருந்து வந்தவர்கள் தங்கள் ஊர்க்காரர்களை விட்டுவிடுவதில்லை. ஒருவர் சொல்லி இன்னொருவர், அவர் சொல்லி மற்றொருவர் என்று மூன்று மாதத்தில் முதலிபாளையத்தில் ஒரு வீடு கிடைத்தது. அவள் மகன் கம்பெனிகளிலிருந்து டி-சர்ட் வாங்கி வந்து பிசிர் வெட்டிக் கொடுக்கிறான். முன்னறையில் இடுப்பளவு சட்டைக் குவியல். வடக்கத்திப் பெண்கள் இரண்டு பேர் இந்தியில் பேசியபடி நூல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். குவியலுக்கு அந்தப் பக்கம் மூக்குக் கண்ணாடியும் கத்திரியுமாக அவள். பஸ்ஸில் வரும்போதே சொல்ல வேண்டிய வாக்கியங்களை அடுக்கி வைத்திருந்தேன்.

யார் என்று சொன்னேன். கம்பெனி, லைன் வீடு, ஐந்தாவது கதவு.

"ஆமா, ஆமா. வாசல்ல துவைகல்லு கெடக்கும்," என்றாள். என்னை உற்றுப் பார்த்தாள். "உங்களத்தான் தெரியல. தப்பா நெனைக்காதிய. சுத்தமா ஞாபகம் இல்ல."

வேஸ்ட் மூலையைச் சொன்னேன். கண்ணை மூடுவதைச் சொன்னேன். சிரித்தாள்.

"அப்படியா வெளையாடுனோம்? நான் அங்க யாரு கூடயும் சேந்த மாதிரியே நெனப்பில்ல."

"நீங்க ஏன் போனீங்கன்னு ஞாபகமிருக்குங்களா?" என்று கேட்டேன். அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

"உங்க ஐயா வந்து, வேல கொறஞ்சு போச்சு, ஒரு டெய்லர நிறுத்தணும்னு சொன்னாவளாம். தலையக் குனிஞ்சுக்கிட்டே சொன்னாவன்னு எங்கப்பா சொல்லுவாவ. சாவுத வரைக்கும், அந்த மொதலாளி பாவம், நல்ல மனுசன்னுதான் சொன்னாவ." கத்திரியைக் கீழே வைத்தாள். "உங்கம்மா இருக்காவளா?"

"இருக்காங்க. கண்ணுதான் தெரியறதில்லீங்க."

அவள் முகம் மாறியது. "கண்ணா தெரியல?" என்றாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு சொன்னாள்:

"நாங்க போன அன்னைக்கு வண்டியில என்னப் படுக்க வச்சிருந்தாவ. ஒடம்பெல்லாம் கொப்புளம். கீழ சாக்கு. குத்துது, அழுதுகிட்டே போறேன். ஊரு தாண்டி ஒரு பள்ளம் இருக்கும்லா, அங்க உங்கம்மா ஒத்தையில நிக்காவ, வயித்துப்புள்ளையோட. வண்டிய நிறுத்தச் சொல்லி ஒரு கட்டுத் துணி. நல்ல வழுவழுன்னு பனியன் துணி, அலசிக் காயவச்சது. என்னத் தூக்கி, அடியில விரிச்சு, மறுபடி படுக்க வச்சாவ. அவங்க கையால. அம்ம போட்ட புள்ளய வேற யாரும்மா தொடுவா? எங்கம்மாவே, வேண்டாம், மாசமா இருக்கிய, தொடாதியன்னு கத்துதா. கேக்கல. ஒரு வார்த்த பேசல. அழுதுகிட்டே வரப்புல ஏறிப் போயிட்டாவ."

இது எனக்குத் தெரியாது. அம்மா பொட்டலத்தைச் சொன்னாள். இதைச் சொல்லவில்லை. இத்தனை வருடம் அவளோடு ஒரே கூரைக்குக் கீழ் இருந்தும், எதையெதையோ கிழமை போட்டு எழுதியும், என் நோட்டில் இது இல்லை. எந்த அம்மைக்குப் பயந்து இரண்டு சிவப்பைக் கட்டினாளோ அந்த அம்மையை அதே பயத்தோடு போய்த் தொட்டிருக்கிறாள். இதை வைத்துக்கொண்டு மனிதர்களைப் பற்றி நான் என்ன நம்புவது?

"ஜெபத்துல அவங்களச் சொல்லாத நாள் கெடையாது," என்றாள். "பேரு தெரியாது. அந்தக் கம்பெனி அம்மான்னுதான் சொல்லிட்டு வாரேன். கர்த்தருக்குத் தெரியும்தான். ஆனாலும் நீங்க வந்திருக்கிய. பேரச் சொல்லுங்க."

அடுக்கி வைத்த வாக்கியங்கள் அத்தனையும் நாக்கில் நின்றன. சொல்லலாம். உண்மைதான். சொன்னால் அவளுக்கு இருக்கும் அந்த ஒரு ஆள் இல்லாமல் போவாள், எனக்கு லேசாகும். சட்டைக் குவியலில் கையை வைத்துக்கொண்டு அவள் காத்திருந்தாள்.

அம்மாவின் பெயரைச் சொன்னேன்.

இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். "இப்பவே ஒரு வார்த்த ஜெபம் பண்ணிருவோமா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் கண்ணை மூடினாள். நூல் வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். நான் கண்ணை மூடவில்லை. அவள் அம்மாவின் பெயரைச் சொல்லிக் கண்ணுக்குச் சுகம் கேட்டாள். நல்ல சாவு கேட்டாள். கடைசியாக, "அவங்க மனசுல ஏதாவது பயம் இருந்தா அத எடுத்துப் போடும் ஆண்டவரே," என்றாள்.

ஆமென் என்று அவள் முடித்தபோது என் வாயிலிருந்தும் அது வந்தது. யாரிடம் சொன்னேன் என்று எனக்குத் தெரியவில்லை.